ராத்திரி பதினோரு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும்?

எங்கள் வீட்டு ஆண் பூனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. எழுந்து போகும், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடி உட்காரும். மலச்சிக்கல்தான் என்று நானே முடிவு செய்து, பூசணிக்காயை வேகவைத்து மசித்து வைத்தேன். அது சீண்டவில்லை. சாயங்காலம் வாந்தி எடுத்தது. ராத்திரி பதினோரு மணிக்கு அடிவயிற்றில் கை வைத்ததும் கத்தியது, அதுவரை நான் கேட்டிராத குரல். வழக்கமாகப் போகும் கிளினிக்கின் ஷட்டர் இறங்கியிருந்தது. இணையத்தில் தேடி ஒவ்வொரு நம்பராக அழைத்தால், ஒன்று எடுக்கவில்லை, ஒன்று "நாய் மட்டும்தான் பார்ப்போம்" என்றது, இன்னொன்று "காலையில் வாங்க".

கடைசியில் ஊரின் மறுமுனையில் ஒரு டாக்டர் கிடைத்தார். மலச்சிக்கல் இல்லை, மூத்திர அடைப்பு. ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது, சின்ன படிகமோ சளிக்கட்டியோ போதும் அடைத்துவிடும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். டியூப் போட்டு எடுத்துவிட்டார்கள், பூனை பிழைத்தது. அன்று என்னிடம் இல்லாதவை பெரிய மருத்துவ அறிவு எதுவும் இல்லை: மூன்று தொலைபேசி எண்கள், ஒரு கூடை, எது அவசரம் என்ற தெளிவு. இந்த மூன்றையும் ஒரு சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தயார் செய்துவிடலாம். புதிதாக நாயோ பூனையோ வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் பிராணியின் 'நன்றாக இருக்கிறது' எப்படி இருக்கும்?

மூக்கு ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்வார்கள். அதை மறந்துவிடுங்கள். தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்துதான் இருக்கும். பார்க்க வேண்டியவை வேறு.

சூடு: மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் வாசலீன் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் மட்டும் நுழைத்து எடுக்க வேண்டும். (அதன்மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக 'நாய்' என்று எழுதிவையுங்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.) நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சலாக இருக்கும் 101, அவற்றுக்கு சாதாரணம்.

ஈறு: மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு ஈறு கருப்பாகவே இருக்கும். அப்படியானால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

மூச்சு: தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 முதல் 30 வரை இருக்கும். ஓய்வாக இருக்கும்போதே 40-ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேச வேண்டும்.

எடையையும் மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும். எல்லா மருந்தும் எடைக் கணக்கில்தான். போனில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

எங்கே போவது

கிராமத்திலும் சிறு நகரத்திலும் பகலில் 'மாட்டாஸ்பத்திரி' என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருந்தகம்தான் முதல் துணை. நாய், பூனையையும் பார்ப்பார்கள். ஆனால் மாலையில் பூட்டிவிடுவார்கள். பெரிய சிகிச்சைக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் இருக்கின்றன: 1903-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, உடுமலைப்பேட்டை, தேனி, தலைவாசல் ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் உண்டு. 1962 என்ற இலவச எண் கால்நடை ஆம்புலன்சுக்கானது. பெரும்பாலும் ஆடுமாடுகளுக்காக ஓடுவது என்றாலும், எண்ணைப் பதிந்துவைப்பதில் நஷ்டமில்லை. அப்புறம் தனியார் கிளினிக்குகள்.

இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, நேரில் போயோ போனிலோ இதையெல்லாம் கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் டாக்டரே இருப்பாரா, அல்லது உதவியாளர் மட்டுமா? பூனை பார்ப்பீர்களா? எக்ஸ்ரே, ஆக்சிஜன் உண்டா? பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்குமா? பெயர்ப்பலகையில் '24 மணி நேரமும்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நான் விசாரித்ததில் அப்படி எழுதியிருந்த ஓர் இடத்தில் ராத்திரி காவலாளி மட்டும்தான் இருந்தார்.

போகும் வண்டியையும் இப்போதே பேசிவையுங்கள். ரத்தம் வழியும் நாயைப் பார்த்ததும் ஆப்பில் வந்த டாக்சி அப்படியே திரும்பிப் போவதுண்டு. தெருமுனை ஸ்டாண்டில் நாய்க்குப் பயப்படாத ஓர் ஆட்டோக்காரர் நிச்சயம் இருப்பார். அவர் நம்பரை வாங்குங்கள்.

ஒரு பெட்டி, ஒரு கூடை

பெட்டியில் போட வேண்டியவை சொற்பம்: தெர்மாமீட்டர், காஸ் துணி, சுருள் பேண்டேஜ், ஒட்டுப் பிளாஸ்திரி, போவிடோன் அயோடின், ஒரு பாட்டில் நார்மல் சலைன், முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, கையுறை, பழைய பெட்ஷீட், ஒரு டார்ச். தடுப்பூசி அட்டையின் படம் போனில் இருக்கட்டும். வாயைக் கட்ட நீளமான பருத்தித் துணி ஒன்று. எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். உங்களையும்தான்.

பெட்டியில் இருக்கக் கூடாதவை இன்னும் முக்கியம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற நம் வீட்டு வலி மாத்திரை எதுவும் வேண்டாம். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். ஒரே மாத்திரை கொன்றுவிடும், ஏனென்றால் அதைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். 'குட்டிக்குக் காய்ச்சல், கால் மாத்திரை கொடுத்தேன்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை எல்லா டாக்டர்களும் பார்த்திருக்கிறார்கள். பினாயிலும் டெட்டாலும் புண்ணில் ஊற்றக் கூடாது. அவற்றில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு ஆகாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வரும்.

பூனை வீட்டில் மூடியுள்ள கூடை கட்டாயம். அதைப் பரணில் ஏற்றாமல் ஹாலிலேயே ஒரு பழைய துணி விரித்துத் திறந்து வையுங்கள். அதில் தூங்கிப் பழகிய பூனையை அவசரத்தில் பத்து விநாடியில் அடைத்துவிடலாம். பழகாத பூனை என்றால் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்தெடுக்கவே அரைமணி நேரம் போய்விடும். கூடை இல்லையா, தலையணை உறை கைகொடுக்கும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி கட்டணம் பகலைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், அட்மிட் செய்தால் முன்பணம் கேட்பார்கள். மாதம் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது.

எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 'காலை வரை பார்ப்போம்' என்று சொல்லாதீர்கள்:

- மூச்சுத் திணறல். பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்தால் அதுவே அபாயம்.
- ஈறு வெளுத்தோ, நீலமாகவோ, பழுப்பாகவோ மாறுவது.
- மூத்திரம் வராமல் முக்குவது, அதிலும் ஆண் பூனை.
- வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வெளியே வராமல் நாய் தவிப்பது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற மார்பு ஆழமான பெரிய நாய்களில் இரைப்பை முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரம்தான் அவகாசம்.
- ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் இரண்டு முறை வலிப்பு.
- வண்டியில் அடிபட்டது, மாடியிலிருந்து விழுந்தது. எழுந்து நடந்தாலும் சரி.
- விஷம் தின்றதாகச் சந்தேகம், பாம்புக்கடி, ஷாக் அடித்தது.
- தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் ரத்தப் பேதியும். பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். குட்டியின் உடம்பில் நீர் வற்ற ஒரு நாள் போதும்.
- குட்டி போடும் நாய் அரைமணி நேரத்துக்கு மேல் பலமாக முக்கியும் குட்டி வெளியே வராதது.

ஒரு வேளை சாப்பிடவில்லை, ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டுகிறது, லேசாக நொண்டுகிறது என்றால் காலையில் போகலாம். பூனை மட்டும் முழுதாக ஒரு நாளைத் தாண்டிப் பட்டினி கிடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தொடர்ந்து சாப்பிடாத பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். உண்ணி அதிகமுள்ள நாய் சோர்ந்து கிடந்து, ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அது உண்ணிக் காய்ச்சலின் முற்றிய நிலை. அதற்கும் காத்திருக்க முடியாது.

அந்த நேரத்தில்

வரிசை இதுதான். முதலில் உங்கள் பாதுகாப்பு: சாலையில் என்றால் வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். வயரைக் கடித்த நாய் என்றால் மெயினை அணைத்த பிறகு தொடுங்கள். இரண்டாவது, போன். 'நாய், 18 கிலோ, அரைமணிக்கு முன் எலி மருந்து தின்றது, வந்துகொண்டிருக்கிறோம்' என்று சொன்னால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் தயாராக இருப்பார்கள். மூன்றாவது, தூக்கிக்கொண்டு கிளம்புவது. அடிபட்ட நாயை இரண்டு பேர் பெட்ஷீட்டைத் தூளி போலப் பிடித்தோ, அகலமான பலகையில் கிடத்தியோ தூக்குங்கள். வாந்தி எடுக்கும், மூச்சுத் திணறும் பிராணிக்கு வாயைக் கட்ட வேண்டாம்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் குட்டிக்குப் பால், தேங்காய்த் தண்ணீர், நல்லெண்ணெய் என்று அன்போடு புகட்டுவது நுரையீரலுக்குள் போய், முதல் பிரச்சினையோடு நிமோனியாவையும் சேர்த்துவிடும்.

வெயில்

நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் நாய்களுக்கு இதுதான் பெரிய எமன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் அதுவும் சரியாக முடியாது. மூடிய காருக்குள் பத்து நிமிடம், மத்தியானம் மொட்டை மாடியில் கட்டிப்போட்டது, கத்திரி வெயிலில் காலை ஒன்பது மணி நடை, எதுவும் போதும். விடாத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம், அப்புறம் விழுந்துவிடும்.

இங்கே மட்டும் 'உடனே கிளம்பு' என்ற விதியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்: முதலில் குளிரவை, பிறகு கிளம்பு. நிழலுக்குக் கொண்டுபோய் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, கழுத்து நன்றாக நனைய வேண்டும். ஃபேனைப் போடுங்கள். ஈரத்துண்டால் மூடிவிடாதீர்கள், துண்டுக்குள் சூடு தங்கிவிடும். மாடித் தொட்டியின் தண்ணீர் மத்தியானத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை சூடு பார்த்து, 103-க்கு இறங்கியதும் நிறுத்துங்கள். அதன்பின்னும் ஊற்றினால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். நினைவோடு இருந்தால் தானாகத் தண்ணீர் குடிக்கட்டும். வண்டியில் ஏசி அல்லது திறந்த ஜன்னல். எழுந்து வாலாட்டிவிட்டாலும் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் பல மணி நேரம் கழித்துக்கூடக் கெடும்.

விஷம்

வீட்டுக்குள்ளேயே இருப்பவற்றைச் சொல்கிறேன். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின், கருப்பு சாக்லேட் என்றால் இன்னும் மோசம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எவ்வளவு என்பதற்குக் கணக்கில்லை, அதனால் துளியும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சாதம் போட்டு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென இறக்கும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

எலி மருந்து தனிக் கதை. அதில் இரண்டு வகை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேக் வடிவில் வரும் புரோமாடியோலோன் ரத்தத்தை உறையவிடாமல் செய்வது. தின்ற அன்று நாய் குதித்து விளையாடும். மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. வைட்டமின் கே-1 என்ற மாற்று மருந்து இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், நேரத்துக்குப் போனால் பிழைக்கும். இன்னொன்று சிங்க் பாஸ்பைடு, கருஞ்சாம்பல் நிறப் பொடி. இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறும். மாற்று மருந்து கிடையாது. சாப்பாடு உள்ளே போனால் அமிலம் கூடி வாயுவும் கூடும், அதனால் பிஸ்கட்டோ சோறோ கொடுக்காதீர்கள். அந்த வாயு நமக்கும் விஷம். வண்டியின் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், வாந்தியை முகர்ந்து பார்க்க வேண்டாம்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் வீடுகளில் கைவந்த பழக்கம். வேண்டாம். அந்த உப்பே ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பை வரவழைக்கும். ஆசிட், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குடித்திருந்தால் வாந்தி இரண்டாவது முறையாகத் தொண்டையைச் சுடும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். உங்கள் வேலை, தின்ற பொருளின் உறையைக் கையோடு கொண்டுபோவது. மழைக்கால ராத்திரியில் நாய் தேரையைக் கவ்விவிட்டு நுரை தள்ளினால் மட்டும், தலையைத் தாழ்த்திப் பிடித்து, வாய்க்கு வெளியே தண்ணீர் வழிகிற மாதிரி பக்கவாட்டில் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

பாம்பு

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து. மனிதர்களுக்குப் போடுவதுதான் நாய்க்கும். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை மாமல்லபுரம் அருகே 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் பெருமளவில் கொடுத்துவருகிறது. கடிபட்ட இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மஞ்சள் பூசாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள், நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், முகம் வீங்கும். பாம்பைத் தேடி அடிக்கப் போவதில் கழியும் நேரம் நாயின் நேரம்.

வலிப்பு, ரத்தம், மற்றவை

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். மனிதனுக்கும் அது உதவாது, நாயின் பாதத்தில் அழுத்தியும் பயனில்லை. நாக்கை விழுங்கிவிடும் என்பதும் பொய், வாய்க்குள் விரலை விட்டால் விரல் போகும். சுற்றியுள்ள நாற்காலிகளை நகர்த்துங்கள், விளக்கைக் குறையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முடிந்தால் யாராவது வீடியோ எடுக்கட்டும். டாக்டருக்கு அது நம் வர்ணனையைவிடப் பெரிய உதவி.

ரத்தம் பீறிட்டால் காப்பித்தூள் வேண்டாம், மஞ்சள் தூளும் வேண்டாம். சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று ஒவ்வொரு நிமிடமும் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று.

தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல வாய் திறந்தபடி எச்சில் ஒழுக நிற்கும் நாயிடம் கவனம். வெறிநோயும் அப்படித்தான் தெரியும். தடுப்பூசி விவரம் தெரியாத நாயின் வாய்க்குள் கை விடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம்.

மூச்சும் இதயத் துடிப்பும் நின்றுவிட்டால், பக்கவாட்டில் கிடத்தி, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு ஒருமுறை வாயை மூடிப்பிடித்து மூக்கு வழியாக இரண்டு மூச்சு. பூனைக்கும் குட்டி நாய்க்கும் ஒரு கையால் மார்பைச் சுற்றிப் பிடித்தே அழுத்தலாம். உண்மையைச் சொன்னால், இதில் பிழைப்பவை குறைவு. ஆனாலும் வண்டியில் போகும்போது இன்னொருவர் செய்துகொண்டே வரட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில்

எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, மூத்திரம் போனது எப்போது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பாராசிட்டமாலை மறைத்தால் தப்பான திசையில் சிகிச்சை போகும். நான் பூசணிக்காய் வைத்த கதையைச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார். உத்தேசச் செலவைக் கேட்பதில் தப்பில்லை. கையில் இருப்பது இவ்வளவுதான் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், எதை முதலில் செய்வது என்று அவர் யோசிக்க முடியும். பிழைக்க வாய்ப்பில்லை, வலியில்லாமல் போக ஊசி போடலாம் என்று சொல்ல நேர்ந்தால், யார் முடிவெடுப்பது என்பதை வீட்டில் முன்பே பேசிவைத்திருப்பது அந்த ராத்திரியில் ஒரு சண்டையைத் தவிர்க்கும்.

வீடு திரும்பும்போது, எது மீண்டும் வந்தால் உடனே அழைத்துவர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூத்திர அடைப்பு முதல் சில நாட்களிலேயே திரும்ப வரக்கூடியது என்று எனக்குச் சொன்னார்கள். ஒரு வாரம் மண் தட்டில் விழுந்த கட்டிகளை எண்ணி, காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.